நீங்கள் கேட்டவை: காலையில் பிடிக்காத ஜீப்... பம்ப்தான் காரணமா?

கேள்வி: ‘எங்களிடம் 2005-ம் ஆண்டு மாடல் டீசல் ஜீப் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றினாலும் இன்ஜின் பிடிப்பதில்லை. மேட்டில் நிறுத்தி, உருட்டித்தான் எடுக்கிறோம். பகலிலும் சில நாள் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும்; நாலைந்து முறை திருப்பினால் எடுத்துவிடும். ஓடும்போது இழுவையில் குறையில்லை. டீசல் பம்பைக் கழற்றி வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தச் செலவைச் செய்தால் இந்தப் போகத்துக்கு உருளை விதை வாங்கப் பணம் இருக்காது. அம்மாவை மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேறு வண்டியும் இல்லை. என்ன செய்யலாம்?’

- வாசகர், கேத்தி, நீலகிரி மாவட்டம்.

பதில்: பம்புக்குக் கை வைக்கும் முன் ஒரு விஷயம். சரிவில் உருட்டி எடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வேக்வம் கிடைக்காது. இரண்டு, மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகும். மலைப்பாதையில், அதுவும் அம்மாவை உள்ளே உட்காரவைத்து இதைச் செய்யவே கூடாது.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதது டீசல் அல்லது சூடு தொடர்பானது. ‘டிக்’ சத்தத்தோடு நின்றுபோவது கரன்ட் தொடர்பானது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததால்தான் பேச்சு பம்பு வரை போயிருக்கிறது.

காலைப் பிரச்னைக்கு வருவோம். சாவியைத் திருப்பும்போது வீட்டில் ஒருவரை டார்ச் லைட்டுடன் சைலன்சருக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

புகை இல்லாத நிலையில், வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். டேங்க் பின்னால் இருப்பதால், மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் இரவெல்லாம் டீசல் டேங்குக்கே வடிந்து, குழாயில் காற்று ஏறிவிடும். அதற்கு எங்காவது சிறு கசிவு இருக்க வேண்டும். டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே போகும் என்பதால்தான் இது கண்ணில் படாமல் ஏமாற்றுகிறது. மறுநாள் காலை சாவியைத் தொடும் முன் கைப்பம்பை இறுகும் வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் குற்றவாளி காற்றுதான். வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், ஃபில்டர் இணைப்பில் உள்ள காப்பர் வாஷர் ஆகியவற்றை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபில்டருக்கு அடியில் சேரும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். கேனில் டீசல் வாங்கி வைத்து ஊற்றும் வீடுகளில் இது அதிகம் சேரும்.

வெள்ளைப் புகை வந்தால் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும். டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைவதை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் அது நேரத்தை மட்டுமே காட்டும், பிளக் சூடானதா என்று சொல்லாது. பிளக்குகளுக்கு வரும் ஒயர், பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். விளக்கு எரியாத பிளக் செத்துவிட்டது. நான்கில் இரண்டு போயிருந்தாலே, பனி விழும் காலையில் இன்ஜின் பிடிக்கத் திணறும். நான்கும் நன்றாக இருந்தால், பிளக் வரை கரன்ட் வருகிறதா என்று ரிலேயைப் பார்க்க வேண்டும்.

அடுத்து அந்த ‘டிக்’. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது அதன் முனைகளில் கோளாறு. வெளிச்சம் குறையாமல் ‘டிக்’ மட்டும் கேட்டால், செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுப்போ, கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். எலெக்ட்ரீஷியன் கடையில் முடிகிற வேலை இது. பேட்டரி முனையில் பூ பூத்திருந்தால், மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயரைப் பலர் திரும்பியே பார்ப்பதில்லை. அதன் போல்ட்டையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நிறைவாக சார்ஜ் ஆகியிருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைக் கடையில் லோடு வைத்துச் சோதிக்கவேண்டும்.

பம்ப் விஷயம் என்னவென்றால், உள்ளே தேய்ந்த ரோட்டரி பம்ப் பெரும்பாலும் இன்ஜின் சூடான பிறகு ஸ்டார்ட் ஆகத்தான் தொல்லை கொடுக்கும். சூட்டில் டீசல் நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடும். உங்கள் வண்டி குளிரில் மட்டும் அடம்பிடிக்கிறது, இழுவையும் குறையவில்லை. எனவே பம்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, கம்ப்ரஷனை அளந்துவிட வேண்டும். விதை உருளைக்கான பணத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அவசரத்துக்கு ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணியைக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது இரண்டும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அது வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும், முகத்திலும் தீப்பிடிக்கும். சிஆர்டிஐ இன்ஜின் வைத்திருக்கும் வாசகர்கள், காற்று எடுப்பதற்காக நாசில் குழாயைத் தளர்த்தவே கூடாது. அதில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.