நிலைப்படியில் நிற்கும் ரோபோ

ரோபோ வாக்கியூம் நடுவீட்டில் சிக்கி நிற்பதற்குக் காரணங்கள் நான்கு: ஏற முடியாத மேடு, புகுந்தபின் வெளியேற முடியாத இடுக்கு, சில்லிலும் பிரஷிலும் சுற்றிக்கொள்ளும் பொருள், இல்லாத பள்ளத்தை இருப்பதாகச் சொல்லும் உணரி. யாழ்ப்பாணத்துத் தீவக வீடுகளில் இந்த நான்கும் உண்டு. மணலும் மின்சாரமும் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வந்து சேர்கின்றன.

இயந்திரம் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தட்டு. உயரம் பொதுவாக 8 முதல் 10 சென்ரிமீற்றர். இரு பக்கமும் இழுவைச் சில்லுகள், முன்னால் எந்தப் பக்கமும் திரும்பும் சிறு சில்லு ஒன்று. முன்தடுப்பு எதிலாவது முட்டினால் திரும்பும். அடியிலுள்ள அகச்சிவப்பு உணரிகள் கீழே நிலம் இருக்கிறதா என்று பார்க்கும். விலை கூடியவற்றின் தலையில் சுழலும் லேசர் அறையை அளந்து வரைபடமாக்கும். வாசலை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி இதனுடன் பிறந்ததே. 2001இல் சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் விற்பனைக்கு விட்ட ட்ரைலோபைட்டை ஓர் அறைக்குள் நிறுத்த வாசலில் காந்தப் பட்டி போட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் கொண்டுவந்த ரூம்பாவுக்கு அகச்சிவப்பு ஒளியால் வேலி கட்டினார்கள்.

முதலாவது மேடு. பெரும்பாலான மொடல்கள் 2 சென்ரிமீற்றர் வரை ஏறும். பழைய வீடுகளில் கதவுநிலையின் கீழ்க்கட்டை பெரும்பாலும் அதற்கு மேல். மாரி வெள்ளமும் பூரானும் பாம்பும் உள்ளே வராமலிருக்க வைத்த கட்டை அது. நன்றாக உயர்ந்த கட்டையால் தொல்லையில்லை. இயந்திரம் முட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடும். இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் கட்டைதான் பொறி. முன்சில்லு தொற்றி ஏறிவிடும். பிறகு கரைதட்டிய வள்ளம்போல வயிறு கட்டையில் அமர, இழுவைச் சில்லுகள் அந்தரத்தில் சுற்றும். இதற்குக் கட்டையின் இரு பக்கமும் சாய்வுப் பலகை வைக்கலாம். மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பதினைந்து சென்ரிமீற்றர் நீளச் சாய்வு போதும். பலகை வாசலின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் ஒரு சில்லு பலகையிலும் மறு சில்லு நிலத்திலுமாகி இயந்திரம் சரிந்துவிடும். வயதானவர்கள் இரவில் நடமாடும் வாசலில் பலகை காலைத் தடுக்கும். அங்கே அந்த அறையைத் தனி அறையாகக் கொண்டு, இயந்திரத்தைக் கையால் தூக்கி வைத்து ஓட்டுவதே நல்லது.

இரண்டாவது இடுக்கு. அலுமாரி, கட்டில், சோபா ஆகியவற்றின் அடியிடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். இயந்திரத்தின் உயரத்தைவிட இரண்டு சென்ரிமீற்றர் கூடுதலாக இருந்தால் தாராளமாகப் போய்வரும். இயந்திரத்தின் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் புகவே புகாது. உயரத்துக்குச் சரிசமமாக இருக்கும் இடத்தில்தான் தலையிலுள்ள லேசர்க் குமிழ் மாட்டிக்கொள்ளும். கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தலாம். அல்லது முன்பக்கம் ஒரு பனஞ்சிலாகையை நீளமாகக் கிடத்தி வழியை அடைத்துவிடலாம். சாய்மனைக் கதிரையின் தாழ்ந்த குறுக்குச் சட்டமும், நிலத்தில் நிற்கும் மின்விசிறியின் சரிந்த வட்ட அடித்தட்டும் இதே வகை. இயந்திரம் அவற்றின்மேல் ஏறும், இறங்கத் தெரியாது. வேலை தொடங்குமுன் அவற்றை மேசை மேலோ விறாந்தையிலோ எடுத்து வைக்க வேண்டும். சாப்பாட்டு மேசைக் கதிரைகள் நெருங்கி நின்றால், கால்களுக்கிடையே 35 சென்ரிமீற்றருக்கு மேல் வழி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டால் அளக்கும் வேலையும் இல்லை.

மூன்றாவது சுற்றிக்கொள்வது. தொலைபேசிச் சார்ஜர் வயர், யன்னல் சீலையின் தொங்கல், துவாய், கால்மிதியின் குஞ்சம், பிள்ளைகளின் தலைப் பட்டி ஆகியவை இதில் அடங்கும். பக்கப் பிரஷ் ஒரு நூலைப் பிடித்தால் போதும், மீதி தானாக உள்ளே போய்விடும். ஓலைப்பாயின் பிரிந்த விளிம்பையும் அது கிளப்பிக் கிழிக்கும். பாயைச் சுருட்டிச் சுவரோடு நிறுத்த வேண்டும். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கும் நாட்களில் கூடம் முழுவதும் பாயும் பையும் வயருமாக இருக்கும். அப்போது இயந்திரத்தை ஓய்வில் விட்டுவிடலாம். நீளத் தலைமயிர் முக்கிய பிரஷின் இரு முனைகளிலும் முன்சில்லின் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பிரஷைக் கழற்றி மயிரை வெட்டி எடுக்க வேண்டும். பெரும்பாலான மொடல்களில் முன்சில்லை இழுத்தாலே கழன்று வரும்.

நான்காவது உணரியின் மயக்கம். பள்ளம் அறியும் உணரி அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. கறுப்பு நிறம் ஒளியை விழுங்குவதால் கருங்கோடு ஓடும் சீமெந்து நிலமும், கறுப்பு மாபிளும், கடும் நிறக் கம்பளமும் அதற்குக் கிணறாகத் தெரியும். அதன் விளிம்பில் நின்று பின்வாங்கிக்கொண்டே இருக்கும். உணரியின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி இந்த மயக்கத்தைத் தீர்ப்பவர்கள் உண்டு. ஆனால் விறாந்தைப் படியும் முற்றத்து இறக்கமும் உள்ள வீட்டில் அப்படி ஒட்டினால் இயந்திரம் உண்மையான பள்ளத்திலும் விழும். கண்ணாடிக் கதவும் நிலைக்கண்ணாடியும் லேசரை ஏமாற்றும். வீட்டில் இல்லாத அறையொன்று வரைபடத்தில் தோன்றினால் காரணம் அதுதான். யன்னலால் நேராக விழும் கடும் வெயிலும் உணரிகளைக் குழப்பக்கூடும், சீலையை இழுத்துவிடலாம்.

ஐந்தாவது மணல். வைகாசி தொடங்கி மாதக்கணக்கில் வீசும் சோளகக் காற்று காய்ந்த நிலத்தின் புழுதியையும் கடற்கரை மணலையும் வீட்டுக்குள் கொண்டுவரும். நிலத்திலிருந்து மணலை உறிஞ்சுவது இயந்திரத்துக்குக் கடினமில்லை. மணி மணியாகச் சில்லுக் குழிக்குள்ளும் பிரஷின் அச்சுக்குள்ளும் புகும்போதுதான் சில்லு இறுகும். இறுகிய சில்லு ஒருபக்கம் இழுக்க, இயந்திரம் வட்டமடிக்கும் அல்லது சிக்கிவிட்டதாகக் கூவும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கடலை அண்டிய வீடுகளில் சோளக நாட்களில் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கவிழ்த்துத் தட்டி, உலர்ந்த பிரஷால் சில்லுக் குழியைத் துடைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு, மின்னேற்றும் உலோகத் தகடுகளில் படியும். உலர்ந்த துணியால் அவற்றை அடிக்கடி துடைக்காவிட்டால் இயந்திரம் மின்னேற்றும் தளத்தில் வந்து நின்றும் மின்னேறாமல் கிடக்கும்.

ஆறாவது மின்சாரம். மின்னேற்றும் தளம் அகச்சிவப்புச் சைகை அனுப்பித்தான் இயந்திரத்தைத் தன்னிடம் அழைக்கிறது. மின்சாரம் நின்றால் அழைப்பும் நிற்கும். இயந்திரம் தளத்தைத் தேடித் தேடி, பற்றரி தீர்ந்து கட்டிலுக்கடியில் படுத்துவிடும். ஊர்காவற்றுறைக்கு யாழ் நகரத்துடன் தரைவழித் தொடர்பு உண்டு. ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் ஏறிப் போகவேண்டிய நெடுந்தீவும் நயினாதீவும் நாட்டின் மின்தொகுப்பில் சேராமல் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்தவை. அனலைதீவையும் சேர்த்து இம்மூன்று தீவுகளுக்கும் இந்திய மானியத்தில் 1,700 கிலோவாட் சூரியசக்தியும் 530 கிலோவாட் காற்றுசக்தியும் தரும் கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. எங்கிருந்து மின்சாரம் வந்தாலும், மின்வெட்டு வராத நேரம் பார்த்து ஓட்டுவதே வழி. தளத்தைச் சுவரோடு ஒட்டி, இரு பக்கமும் அரை மீற்றரும் முன்னால் ஒரு மீற்றருக்கு மேலும் வெளி விட்டு வைக்க வேண்டும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த இயந்திரமானால் அடப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். 100 முதல் 240 வோல்ற் என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றலாம். கனடாவின் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்தது என்றால் இலங்கையின் 230 வோல்ற்றில் செருகவே கூடாது.

வரைபடம் போடும் மொடல்களில் போகக்கூடாத இடங்களைத் தொலைபேசியில் கோடிட்டு விலக்கலாம். முதலில் விலக்க வேண்டியது சாமியறை: எரியும் குத்துவிளக்கைச் சாய்க்க ஒரு முட்டு போதும், சிந்திய எண்ணெயில் சில்லு வழுக்கும். குசினியில் ஈரம் உள்ள பகுதியையும், செத்தல் மிளகாயோ ஒடியலோ காயப்போடும் மூலையையும் அவ்வாறே விலக்க வேண்டும். கோடிடும் வசதியில்லாத மொடலுக்குக் கதவைச் சாத்துவதே வேலி. முதல் சில ஓட்டங்களில் வீட்டில் ஒருவர் கூடவே நின்று, எந்த இடத்தில் சிக்குகிறது என்று குறித்துக்கொண்டால், பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றைச் சரிசெய்தால் கூடமும் அறைகளும் இயந்திரத்துக்குரியவை. விறாந்தைப் படியும் முற்றமும் தும்புத்தடிக்கும் ஈர்க்குமாற்றுக்கும் உரியவை.