ஊர்ப் பெயரும் ஒரு சொத்து

ஸ்பெயினில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற ஓணத்திற்குக் குமுளி வந்திருந்தான். கடைத்தெருவில் கறுப்புத் திராட்சையைக் கண்டதும், "மாமா, இது எந்த ஊர்ப் பழம்?" என்று கேட்டான். கடைக்காரர் விலையை மட்டும் சொன்னார். மலைப்பாதையில் இறங்கினால் கம்பம். அங்கே விளைந்த பன்னீர் திராட்சைதான் அது. ஆனால் அந்தப் பெயர் கடையில் எங்கும் இல்லை.

நான் மது அருந்துபவன் அல்லன். ஆயினும் அந்நாட்டுச் சிவப்பு ஒயினைப் பற்றி அவன் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. டெம்ப்ரானில்லோ என்ற ஒரே திராட்சைக்கு அங்கே பகுதிக்கு ஒரு பெயர். ரிபேரா டெல் டுவேரோவில் 'டின்டோ ஃபினோ', லா மான்சாவில் 'சென்சிபெல்', கட்டலோனியாவில் முயற்கண் என்று பொருள்படும் பெயர். சுவையும் ஒன்றல்ல. ரியோஹாவில் ஓக் மரப் பீப்பாயில் இருந்து பதமாகி மென்மை பெறுகிறது. பகலில் வெயிலும் இரவில் குளிருமான டுவேரோ மேட்டுநிலத்தில் அழுத்தமாக இருக்கிறது. தென்கிழக்கே வறண்ட ஹுமிலியாவிலோ மொனாஸ்ட்ரெல் என்ற வேறு திராட்சை. அதன் ஒயின் கருஞ்சிவப்பாய், கனமாய் இருக்கும். ரியோஹா என்ற பெயருக்கு 1925லேயே அங்கீகாரம் தந்துவிட்டார்கள். வேறு ஊரில் செய்த ஒயினில் அப்பெயரை ஒட்ட முடியாது.

நமக்கும் அந்த உரிமை இல்லாமல் இல்லை. மறையூர் வெல்லம் 2019லும், கம்பம் பன்னீர் திராட்சை 2023லும் புவிசார் குறியீடு பெற்றன. மறையூர் மலைச்சரிவின் மழை மறைவுப் பகுதி. அந்த மண்ணின் கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கையால் உருட்டிய வெல்லத்திற்குத் தனிச் சுவை உண்டு. ஆனால் வேறெங்கோ செய்த மலிவு வெல்லமும் 'மறையூர்' என்ற பெயரில் விலைபோகிறது. பாலக்காட்டில் பாயசத்திற்கு வெல்லம் வாங்கும் நம் வீட்டாரும் விலையைத்தான் கேட்கிறோம், ஊரைக் கேட்பதில்லை.

"கூலிக் குடும்பத்திற்கு விலைதானே முக்கியம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெல்லத்தைக் காய்ச்சுகிறவர்களிலும் நம்மவர் உண்டு. போலி பெருகினால் முதலில் குறைவது அவர்கள் வருமானம். சட்டம் பெயரைப் பதிவு செய்யும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்.

பிழைப்புக்காக மலை தாண்டி வந்தவர்கள் நாம். "எந்த ஊர்?" என்று யார் கேட்டாலும் பெருமையோடு பதில் சொல்கிறோம். கடையில் கை நீட்டும் முன் அதே கேள்வியை நாமும் கேட்போம்.