தங்கம் வைக்காத இடம்

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஃப்ரேம் கடை. போன தசராவுக்கு அங்கே வரிசையாகச் சாமுண்டீஸ்வரி படங்கள் தொங்கின. எல்லாம் செயற்கை நுண்ணறிவில் போட்டு பிரிண்ட் எடுத்தவை. கீழே ‘மைசூர் ஓவியம்’ என்று சீட்டு. “கையால போடுறதைவிட இது நல்லாவே இருக்கு சார்” என்றார் கடைக்காரர். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். எனக்குத் துளியும் ஒப்பவில்லை.

வித்தியாசமே தெரியவில்லை என்கிறார்கள். மைசூர் ஓவியத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. தஞ்சாவூர்ப் படத்தில் மக்கு என்ற புடைப்புப் பசை தடிமனாக எழும்பும், கற்கள் பதிப்பார்கள். மைசூரில் மக்கு வேலை நூல்போல மெல்லியது. மேலே தங்கரேக்கு ஒட்டி, தாள் வைத்து, வழுவழுப்பான கல்லால் தேய்ப்பார்கள். நான் ஒரு செயலியில் ‘மைசூர் பாணி’ என்றே கேட்டுப் பார்த்தேன். வந்தது நகையெல்லாம் புடைத்த தஞ்சாவூர்ச் சாயல், அதற்கு ஒரு காலண்டர் முகம்.

அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடுமாம். ஆகட்டும், என் குறை அதோடு தீராது. தெரிந்த ஓவியர் ஒருவர் அம்மன் படத்தில் தோள்வளைக்கு மட்டும் தங்கம் வைக்காமல் வெறும் மஞ்சளோடு விட்டிருந்தார். ஏன் என்றேன். “அங்கே மின்னினா கண்ணு முகத்துக்குப் போகாதுங்க” என்றார். இரண்டு நாள் யோசித்தாராம். கடைப் படத்திலோ எல்லா இடமும் ஒன்றுபோல மின்னுகிறது. எந்த இடத்தைத் தொட்டும் ஏன் என்று கேட்க முடியாது. அங்கே யாரும் எதையும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை.

நடுவர்களே மயங்கினார்களே என்று 2023 சோனி உலகப் புகைப்பட விருதைக் காட்டுகிறார்கள். போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியரின் செயற்கை நுண்ணறிவுப் படம் ஒரு பிரிவில் வென்றது. இது புகைப்படமல்ல என்று அவரே பரிசை மறுத்தார். அவர் திரும்பத் திரும்பப் போட்டு, கழித்து, திருத்தி அந்தப் படத்துக்கு வந்தவர். அதில் தரம் இருந்தால் அந்தக் கழித்தலில்தான் இருக்கிறது. ஒரு வரி தட்டி வந்ததை அப்படியே ஃப்ரேம் போடுகிறவருக்கு அது சாட்சியாகாது.

இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானே செயற்கை நுண்ணறிவை எடுத்துக்கொண்டாரே? ஆமாம். 2024-இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள் இப்படித்தான் வந்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் தந்ததாக அவரே சொன்னார். மெட்டு அவருடையது. எந்தக் குரல் வேண்டும் என்று தீர்மானித்ததும் அவர்தான். அந்தக் குரல்களில் நம்மை உருக்குவது அவ்விருவரும் உயிரோடு இருந்தபோது பாடிச் சேர்த்தது.

விலை குறைவு என்ற வாதத்தோடு மட்டும் எனக்குச் சண்டையில்லை. முந்நூறு ரூபாயில் ஒரு வீட்டுக்கு அம்மன் வருகிறாள் என்றால் வரட்டும். கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: படம் இருக்கட்டும், ‘மைசூர் ஓவியம்’ என்ற அந்தச் சீட்டை எடுத்துவிடுங்கள்.