பாங்கியைக் காப்பது துப்பாக்கியா?

பாங்கி வாசலில் துப்பாக்கிக்காரன் நின்றால்தான் பணம் பத்திரம் என்று நம் சேந்தமங்கலத்திலும் பலர் நம்புகிறார்கள். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறிய 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகளுக்கு ஆயுதப் போலீசார்தானே காவல்? அவர்கள் அதே வண்டியில் இருக்கும்போதே, கூரையைத் துளைத்து 5.78 கோடியைக் கொண்டுபோய்விட்டார்களே! 2021 ஜனவரியில் ஓசூர் நகைக்கடன் கம்பெனியொன்றில் துப்பாக்கி காட்டி 25 கிலோ நகையை அள்ளியவர்களோ மறுநாளே ஐதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். காட்டிக்கொடுத்தது நகைப் பையிலிருந்த ஜி.பி.எஸ். கருவி.

ஜனங்கள் நிறைந்த பாங்கிக்குள் குண்டு பறந்தால் சாகிறவன் யார்? பணம் கட்டவந்த குடியானவனும், சொற்பச் சம்பளக் காவற்காரனும்தானே! போன பணத்துக்கு இன்ஷியூரன்சு உண்டு. போன உயிருக்கு உண்டா? ஆதலால், துப்பாக்கியைக் காவல் தெய்வமாக்காமல், அந்தச் செலவைக் கருவிக்கும் காமிராவுக்கும் கெட்டியான பெட்டகத்துக்கும் செய்வதே புத்திசாலித்தனம் என்பது நமது அபிப்பிராயம்.