சங்கம் எமக்கு எதற்கு?

காணியை விட்டு வந்த கமக்காரனுக்குப் பட்டினத்தில் கிடைப்பது பெரும்பாலும் நாட்கூலி வேலையே. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள், களஞ்சியங்கள், கட்டிட வேலைத்தலங்கள் எனப் பல இடங்கள் உள்ளன. வயலில் மண்வெட்டி பிடித்த கைகள் இன்று பட்டினத்தில் மூட்டை சுமக்கின்றன, கல் அரிகின்றன. இவர்களிடம் தொழிற்சங்கம் என்று பேச்செடுத்தால் அனேகமாக ஒரே மறுமொழிதான் வருகிறது: "காணி கிடைத்ததும் நாங்கள் போய்விடுவோம். எங்களுக்கு எதற்குச் சங்கம்?"

இந்த மறுமொழியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அனுபவம் என்ன சொல்கிறது? சம்பூர் மக்கள் 2006 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. சில மாதங்கள் என்று எண்ணி வந்தவர்களுக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கடந்துபோயின. பத்து ஆண்டு என்பது தற்காலிகம் அல்ல. ஒரு மனிதனின் உழைக்கும் வயதில் அது கால் பங்கு.

அந்தக் கால் பங்கின் பெறுமதியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு நாட்கூலி 2,000 ரூபா. மாதத்தில் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 40,000 ரூபா. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில்தருநர் நூற்றுக்கு 12 செலுத்தவேண்டும். 1980 ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டப்படி தொழில்தருநர் மேலும் நூற்றுக்கு 3 செலுத்தவேண்டும். அதாவது, கூலிக்கு மேலதிகமாகத் தொழில்தருநர் கட்டவேண்டியது மாதம் 6,000 ரூபா. வருடத்துக்கு 72,000 ரூபா. பத்து வருடத்துக்கு வட்டி சேர்க்காமலே 7,20,000 ரூபா. நாட்கூலி என்பதால் இது இல்லாமற் போகாது. ஆயினும், தனியாக நின்று இதைக் கேட்கும் தொழிலாளிக்கு "நாளைக்கு வரவேண்டாம்" என்பதே பதிலாகக் கிடைத்தால் அவர் என்ன செய்வார்? சங்கத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

கமக்காரருக்குப் புதியதா?

சங்கம் என்றதும் கொடியும் கோஷமும் வேலைநிறுத்தமுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. உண்மையில் கமம் செய்தவர்களுக்கு இது பழகிய விடயம். போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுவோம். எந்தத் திகதியில் குளத்தைத் திறப்பது, எந்த நாளுக்குள் விதைப்பது, வாய்க்காலைத் துப்புரவு செய்ய யார் எந்தப் பங்கு என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானிப்போம். ஒருவர் தனியே போய்த் தண்ணீர் கேட்டால் அதிகாரி கேட்பாரா? கமக்காரர் அமைப்பு போனால் கேட்பார். வேலைத்தலத்தின் கமக்காரர் அமைப்புத்தான் தொழிற்சங்கம்.

அது நடைபெறும் முறையும் சிக்கலானதல்ல. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து, விதிகளை எழுதிக் கையொப்பமிட்டு, சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். புதிதாகத் தொடங்க முடியாதவர்கள் ஏற்கெனவே உள்ள ஒரு சங்கத்தின் கிளையாகவும் சேரலாம். தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் உறுதி செய்கிறது. சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதை 1999 ஆம் ஆண்டில் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் குற்றமாக்கியது. வேலைத்தலத்தில் நூற்றுக்கு 40 பேராவது அங்கத்தவராக உள்ள சங்கத்துடன் பேச மறுப்பதும் அதே திருத்தத்தின்படி குற்றமே.

பேச்சின் முடிவில் எழுதப்படுவது கூட்டு உடன்படிக்கை. அது வர்த்தமானியில் வெளியானதும் இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தும். முகாமையாளர் மாறினாலும் எழுத்து மாறாது. வாய்ச்சொல்லுக்கும் உறுதிக்கும் உள்ள வேறுபாடு காணி வைத்திருந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"நீ கொந்தராத்துக்காரரின் ஆள்"

எமது மக்கள் பலர் நேரடியாக நிறுவனத்தில் சேர்வதில்லை. கொந்தராத்துக்காரர் லொறியில் ஏற்றிச் செல்கிறார்; கூலியும் அவரே கொடுக்கிறார். கை முறிந்தாலும் கூலி குறைந்தாலும் நிறுவனம் "நீ அவருடைய ஆள்" என்கிறது. கொந்தராத்துக்காரரோ "நிறுவனம் காசு தரவில்லை" என்கிறார். இதில் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. தொழிலாளியை வேலைக்கு அமர்த்துபவர் மட்டுமல்ல, யாருக்காக வேறொருவர் அமர்த்துகிறாரோ அவரும் தொழில்தருநரே என்று சட்டத்தின் வரைவிலக்கணம் கூறுகிறது. ஆனால் இந்த வாதத்தைத் தொழில் திணைக்களத்திலோ தொழில் நியாய சபையிலோ எடுத்துச் சொல்ல, தனி ஒருவருக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. சங்கத்துக்கு அது நாளாந்த வேலை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இடம்பெயர்ந்தவர்கள் குறைந்த கூலிக்கும் வருவார்கள் என்பது கூலி கொடுப்போருக்குத் தெரியும். ஆகவே பழைய தொழிலாளி கூலி கூட்டிக் கேட்டால், "வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்" என்று எம்மைக் காட்டுவார்கள். எமது வறுமை இன்னொரு ஏழையின் கூலியைக் குறைக்கும் ஆயுதமாகிறது. நாளைக்கு அதே ஆயுதம் எம்மீது திரும்பும். பழையவரும் புதியவரும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சங்கத்தில் இருந்தாலன்றி இதைத் தடுக்க முடியாது.

சங்கத்தின் குறைகள்

சங்கம் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று சொல்வது பொய். 1980 ஜூலை பொது வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். அவர்களது குடும்பங்கள் நீண்டகாலம் துன்புற்றன. ஆயத்தமில்லாமல், வேறு வழிகளைப் பார்க்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்கக்கூடாது. துறைமுகச் சேவைகள் அத்தியாவசிய சேவைகளாகப் பலமுறை பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன என்பதையும் மறக்கலாகாது. மலைநாட்டில் சங்கங்கள் பலவாகப் பிரிந்து கட்சிகளின் பின்னால் நின்றதால் தொழிலாளரின் பேரம் பேசும் பலம் குறைந்தது. 2021 இல் தோட்டக் கம்பனிகள் கூட்டு உடன்படிக்கையிலிருந்து விலகின.

அதே 2021 ஆம் ஆண்டுதான் கொழும்புத் துறைமுகத்தில் வேறொன்றும் நடந்தது. கிழக்குக் கொள்கலன் முனையத்தை வெளியாருடன் பங்கிடும் திட்டத்தை எதிர்த்து, வெவ்வேறு கட்சிகளைச் சார்ந்த சங்கங்கள் ஒன்றாக நின்றன. பெப்ரவரி முதலாம் திகதி அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. அத்திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஒற்றுமையாக நின்ற தொழிலாளரை அரசாங்கமே கணக்கில் எடுத்தது என்பதே நாம் பார்க்கவேண்டியது.

எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். வேலை செய்த நாள், இடம், கூலி, அழைத்துச் சென்றவர் பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். வேலை நீக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கவேண்டும். தாமதித்தால் உரிமை கைநழுவிப்போகும்.

பின்பு, அதே லொறியில் ஏறும் ஏழு பேரைத் தேடுங்கள். அதில் பெண்களும் இருக்கட்டும். சந்தாவுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். எந்தக் கட்சிக்காரரையும் தலைவராக்க அவசரப்படாதீர்கள்.

காணிக்கான கோரிக்கையை யாரும் கைவிடவேண்டியதில்லை. சங்கத்தில் சேர்வது ஊரை மறப்பதாகாது. காணி திரும்பும் நாளில் நெல் விதைக்கவும், கிணறு இறைக்கவும், வேலி அடைக்கவும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். உழைத்த காசு முழுவதும் வந்து சேர்ந்திருந்தால்தான் அது கையில் இருக்கும்.