கோப்பையில் ஏறிய ஊரி

இலண்டனில் வாழும் எனது மருமகன் அண்மையில் வவுணதீவுக்கு வந்தபோது ஒரு தேநீர்க் கோப்பையைப் பரிசாகத் தந்தான். வெள்ளைப் பீங்கானில் இரண்டு ஊரிகளின் பழைய கோட்டுச் சித்திரம். அடியில் இலத்தீன் பெயர்கள், சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்ற பெயர், 1861 என்ற ஆண்டு. "மாமா, இது உங்கட வாவியில அவர் கண்டுபிடிச்சது" என்றான். அன்பளிப்பில் குறை சொல்லவில்லை. 'கண்டுபிடிச்சது' என்ற சொல்தான் எனக்கு இறங்கவில்லை.

டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி விதித்து 1848 ஜூலையில் மலைநாட்டில் கிளர்ச்சியைச் சம்பாதித்துக்கொண்ட ஆட்சியின் பெரிய அதிகாரி. அதே ஆண்டு செப்டெம்பரில் அவர் மட்டக்களப்புக்கு வந்தார். வாவியின் அடியிலிருந்து இசை எழுகிறது என்ற கதையை விசாரிப்பதற்காக மீனவர்களை அழைப்பித்தார்.

அவர்கள் சொன்னவற்றை டெனன்ட் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஓசையைத் தங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே அறிவோம் என்றார்கள். கேட்கும் இடத்தைக் காட்டினார்கள். கோடையில் மட்டுமே கேட்கும், மழை வெள்ளம் வாவியில் இறங்கியதும் நின்றுவிடும் என்றார்கள். மீன் அன்று, ஊரியே காரணம் என்றார்கள். அவர் கேட்டதும் உயிருள்ள ஊரிகளைத் தேடிக் கொண்டுவந்தும் கொடுத்தார்கள். நிலவு எழுந்தபின் கோட்டைத் துறைக்கு அருகே அவரைத் தோணியில் கூட்டிச் சென்றவர்களும் அவர்களே. அங்கேதான் துரை அந்த ஓசையைக் கேட்டார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது அது இன்னும் பெரிதாகக் கேட்டது.

இடம், பருவம், ஓசை நிற்கும் காலம், காரணம் பற்றிய ஒரு கருதுகோள், அதற்கான மாதிரிகள் — இத்தனையையும் கொடுத்தவர்கள் மீனவர்கள். ஒரு மாலை கேட்டுவிட்டு எழுதியவர் டெனன்ட். கண்டுபிடித்தவர் யார்?

எழுதிவைத்தால்தான் அறிவியல் என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் பாதி நியாயம் உண்டு. எழுதியிராவிட்டால் நானும் இதை இன்று பேசியிருக்க மாட்டேன். ஆனால் எழுதியவரே தமக்குச் சொன்னவர் எவர் என்பதையும் சேர்த்தே எழுதினார். அதை வெட்டியது பின்வந்த கைகள். சித்திரத்தை எடுத்தார்கள், இலத்தீனை எடுத்தார்கள், மீனவரை விட்டார்கள்.

இன்னொன்றையும் விட்டார்கள். அந்த ஊரிக்கு வழங்கும் தமிழ்ப் பெயர் என்று டெனன்ட் ஒரு தொடரை ஆங்கில எழுத்தில் தந்து, 'அழும் சிப்பி' என்று பொருளும் கூறியிருக்கிறார். சிதைந்து கிடக்கும் அவ்வெழுத்துக்களைத் தமிழ்க் காதால் வாசித்தால் எனக்குக் கேட்பது 'ஊரி குளறுகிறது' என்பதே. குளறுதல் என்றால் இங்கே வாய்விட்டு அழுதல். அது பெயரே அன்று, முழு வாக்கியம். பெயர் என்ன என்று துரை கேட்டிருப்பார். ஊரி குளறுகிறது என்று மீனவர் பதில் சொல்லியிருப்பார்.

வெள்ளையரை மட்டும் நோவதில் பயனில்லை. ஊரி என்று அவர்கள் சொல்லியும் நாம் 'மீன்பாடும் தேன்நாடு' என்று பெருமை பேசி வருகிறோம். உண்மையில் எந்த உயிரி ஒலிக்கிறது என்பது இன்றுவரை ஐயமற நிறுவப்படவில்லை. சென்ற நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி ஓசையைப் பதிவுசெய்தார். ஓசை கிடைத்தது, உயிரி அகப்படவில்லை. மீனவர் கருத்தும் பிழையாக இருக்கலாம். ஆகவே, முடியாத ஒரு விசாரணையைத்தான் முடிந்த கண்டுபிடிப்பாகக் கோப்பையில் விற்கிறார்கள்.

இதில் இழப்பு யாருக்கு? வலையிறவுப் பாலத்துக்கு இப்பால், படுவான்கரையில், துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்கத் தெரிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். போர்க்காலத்தில் இரவு வாவியில் இறங்கத் தடை இருந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் அந்த ஓசையைக் கேளாமலே வளர்ந்தார்கள். சித்திரத்திலுள்ள ஊரிகளில் ஒன்று கண்டற் சேற்றில் வாழும் இனம். கண்டலை வெட்டினால் அதற்கு வீடில்லை. ஓசையும் அதைக் கேட்ட காதுகளும் போனபின் நமக்கு மிஞ்சப்போவது பீங்கான் மட்டுமே.

எனவே இரண்டு கோரிக்கைகள். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, விலங்கியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். முதியவர்கள் இருக்கும்போதே அவர்களுடன் கோடை நிலவில் தோணி ஏறுங்கள். அவர்கள் சொல்வதை அவரவர் பெயருடன் பதிவுசெய்யுங்கள். நினைவுப் பொருள் செய்பவர்களே, தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். சித்திரத்தின் கீழ் 'மட்டக்களப்பு மீனவர் காட்டியது' என்று ஒரு வரி சேருங்கள்.

அதுவரை அந்தக் கோப்பையில் இருப்பது அரைச் செய்தி. அரைச் செய்தியை அச்சுக்கு அனுப்பலாகாது என்பதே பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற முதற் பாடம்.