கூரைகளை எண்ணினால் போதாது

அண்மையில் ஒரு மலைத்தோட்டத்துக்குப் போயிருந்தோம். "அணை" என்றதும் தோட்டக்காரர் சிரித்தார். "அணையெல்லாம் இல்லீங்க சார், காப்பிக்குத் தண்ணி கட்டுற குட்டை." மண்கரை 8 மீட்டர் உயரம். முகட்டில் வரிசையாகச் சில்வர் ஓக். கலிங்கின் மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை. கோடைக்கு ஓர் அடி கூடுதலாகத் தேக்க. கரையின் அடியில் ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சைப்பசேலென்று நின்றது. இதைப் படிக்கும் பொறியாளர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம்.

'அதிக அபாய வகை' என்று எழுதப் போவதாகச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "எங்க தாத்தா போட்ட கரைங்க. இதுவரைக்கும் அசைஞ்சதில்ல." கோபம் நியாயமானதுதான். அபாய வகை கரையின் பலத்துக்குப் போடும் மார்க் அல்ல, உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதற்கான கணக்கு என்பதை நாம்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புத்தம் புதிய கரையும் அதிக அபாய வகையில் வரலாம்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாளர் என்ற சொல்லில் தனியாரையும் சேர்த்திருக்கிறது. ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும்தான் அதன் வரம்பு. 8 மீட்டர் குட்டை தப்பிவிடுகிறது. தண்ணீருக்கு அந்த வரம்பு தெரியாது. கொள்ளளவு 60,000 கன மீட்டர் என்று வைத்து ஃப்ரோலிக்கின் 1995 சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: உடைப்பின் உச்ச வெள்ளம் விநாடிக்கு சுமார் 200 கன மீட்டர், அதாவது 7,000 கன அடி. சில நிமிடங்கள்தான். மலைச்சரிவில் அந்தச் சில நிமிடங்களே அதிகம்.

ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்ற தனியார் மண்ணணை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தார்கள். குறைந்த அபாய வகையில் இருந்த அணை அது. கலிங்கு மண்ணிட்டு மூடப்பட்டிருந்ததாக விசாரணையில் பேசப்பட்டது. 2018 மே 9 அன்று கென்யாவின் சோலாயில் தனியார் பண்ணை அணை உடைந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

கொல்லிமலையில் அய்யாற்றில் சேரும் ஓடை ஒன்றில் இப்படியொரு குட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படத்தில் கீழே கூரைகளை எண்ணினால் விரல்விட்டு முடித்துவிடலாம். வகை குறைவு என்று எழுதிவிடலாம். ஆனால் வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 18-இல் அறப்பளீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கும் கூட்டம் எந்தக் கூரையின் கீழும் இல்லை. அருவிக்குக் கீழே புளியஞ்சோலையில் விடுமுறை நாளில் குளிப்பவர்களும் இல்லை. வானம் வெளுத்திருக்கிறது, மழை இல்லை, பயம் இல்லை என்பார்கள். பைப்பிங்குக்கு மழை தேவையில்லை. நிறைந்த குட்டையும் ஒரு நண்டு வளையும் போதும்.

ஆகவே வகைப்படுத்தும் பொறியாளர் ஓடையோடு நடந்து இறங்க வேண்டும், அதுவும் கூட்டம் கூடும் நாளில். கீழுள்ள ஊராட்சியில் யாருக்குப் போன் செய்வது என்பது தோட்டக் கணக்கரிடம் எழுதியிருக்க வேண்டும்.

மணல் மூட்டைகளை அன்றே எடுத்துவிடச் சொன்னோம். அவர் ஒரு வரிசையை எடுத்தார்.